வீட்டுக்காரர் வெளிநாட்டில், வரிச் சுமை குடியிருப்பவர் தலையில்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

2025-26 நிதியாண்டின் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்ய ஜூலை 31 கடைசி நாள். இந்தச் சமயத்தில் பத்திரிகைகளில் வரும் யோசனைகள் பெரும்பாலும் சம்பளக்காரர்களுக்கு உரியவை. ஊரில் உள்ள வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு சிங்கப்பூரிலோ துபாயிலோ அமெரிக்காவிலோ வேலை பார்ப்பவர்கள் என்ன செய்ய வேண்டும், அந்த வீட்டில் குடியிருப்பவர் என்ன செய்ய வேண்டும் என்று விவரமாக எழுதுவோர் குறைவு. அதைச் சொல்லவும், அப்படியே அரசிடம் ஒரு கோரிக்கை வைக்கவும் இக்கடிதம்.

முதலில் ஒரு கணக்கு. மாத வாடகை 40,000 ரூபாய், ஆண்டுக்கு 4,80,000. உரிமையாளர் அந்த ஆண்டில் கட்டிய சொத்து வரி 12,000 என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 4,68,000. இதில் 30 சதவீதத்தை, அதாவது 1,40,400 ரூபாயை, ரசீது எதுவும் கேட்காமல் சட்டமே கழித்துவிடுகிறது. வரிக்கு உட்படும் தொகை 3,27,600. வேறு வருமானம் இல்லாவிட்டால், புதிய வரிமுறையில் 4 லட்சம் வரை வரியே இல்லை. ஆக இவர் கட்ட வேண்டியது ஒன்றுமில்லை. பழைய முறையைத் தேர்ந்தெடுத்தாலும் சுமார் 4,000 ரூபாய்தான் வரும்.

ஆனால் பிடித்தம் எவ்வளவு தெரியுமா? 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 195-ஆவது பிரிவின்படி, குடியிருப்பவர் ஒவ்வொரு மாதமும் முழு வாடகையில் 30 சதவீத வரியும் அதன்மேல் 4 சதவீத செஸ்ஸும் சேர்த்து 31.2 சதவீதம் பிடித்துக்கொள்ள வேண்டும். மாதம் 12,480 ரூபாய் அரசுக்கு. 27,520 ரூபாய் வீட்டுக்காரருக்கு. ஆண்டு முடிவில் 1,49,760 ரூபாய், வரியே இல்லாத ஒருவருடைய பணம், அரசுக் கணக்கில் போய் உட்கார்ந்திருக்கும். கணக்குத் தாக்கல் செய்து அதைத் திரும்ப வாங்க வேண்டும்.

இதே வீட்டின் உரிமையாளர் இந்தியாவிலேயே வசிப்பவராக இருந்திருந்தால், மாத வாடகை 50,000 ரூபாயைத் தாண்டாதவரை சாதாரணக் குடித்தனக்காரர் எதையும் பிடிக்க வேண்டியதில்லை. தாண்டினாலும் 2 சதவீதம்தான். அதையும் ஆண்டுக்கு ஒரு தடவை, தன் பான் எண்ணை வைத்தே 26க்யூசி படிவத்தில் கட்டிவிடலாம். 195-இல் இந்த வரம்பு கிடையாது. ஒரு சிற்றூரில் 7,000 ரூபாய் வாடகை கொடுப்பவருக்கும் இதே 31.2 சதவீதம்தான்.

யார் வெளிநாட்டுவாசி என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். பாஸ்போர்ட்டையோ விசாவையோ வைத்து வரிச் சட்டம் இதை முடிவு செய்வதில்லை, நாட்களை எண்ணுகிறது. வேலைக்காக நாட்டை விட்டுச் செல்லும் இந்தியக் குடிமகன், கிளம்பிய நிதியாண்டில் 182 நாட்களுக்குக் குறைவாக இந்தியாவில் இருந்திருந்தால் அந்த ஆண்டுக்கு அவர் வெளிநாட்டுவாசி. 2025 செப்டம்பர் 20 அன்று விமானம் ஏறியவருக்கு 173 நாட்கள், அவர் வெளிநாட்டுவாசி. அக்டோபர் 15 அன்று ஏறியவருக்கு 198 நாட்கள். அவர் அந்த ஆண்டுக்கு இந்தியவாசி, வெளிநாட்டுச் சம்பளத்தையும் இங்கே காட்ட வேண்டும். விடுமுறைக்கு வந்துபோகிறவர்களுக்கும் 182 நாட்கள்தான் எல்லை. ஆனால் இந்திய வருமானம் 15 லட்சத்தைத் தாண்டினால் அது 120 நாட்களாகக் குறையலாம். முந்தைய நான்கு ஆண்டுகளில் மொத்தம் 365 நாட்கள் இங்கே இருந்திருந்தால்தான் இந்தக் குறைப்பு வேலை செய்யும். ஊரில் பல வீடுகளை வாடகைக்கு விட்டிருப்பவர்கள் இதைக் கவனிக்காமல் மூன்று நான்கு மாதம் தங்கிவிட்டுப் போவதுண்டு.

பெரும்பாலோர் செய்வது என்னவென்று அனைவருக்கும் தெரியும். வாடகையை அப்பாவின் கணக்கிலோ மாமனாரின் கணக்கிலோ போடச் சொல்லிவிடுகிறார்கள். ஒப்பந்தத்திலும் அவரே கையெழுத்துப் போடுகிறார். பவர் பத்திரம் இருப்பதால் எல்லாம் சரி என்று ஒரு நினைப்பு. பவர் வாங்கியவர் முகவர், அவ்வளவுதான். சொத்து யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் வருமானம், அவருக்குத்தான் வரி. அப்பா தன் கணக்கில் அந்த வாடகையைக் காட்டி வரி கட்டினாலும் மகனுடைய பொறுப்பு தீராது. குடியிருப்பவர் தன் அலுவலகத்தில் வீட்டு வாடகைப்படிக்கு விலக்கு கேட்கிறார். ஆண்டு வாடகை 1 லட்சத்தைத் தாண்டினால் வீட்டுக்காரரின் பான் எண்ணைக் கொடுத்தாக வேண்டும். அங்கே அப்பாவின் பான், பத்திரத்தில் மகனின் பெயர் என்று முரண்பாடு வெளியே வந்துவிடுகிறது.

வெளிநாடு சென்றவர் தன் பழைய சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டுவாசிகளின் இந்திய வருமானத்துக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது அந்நியச் செலாவணிச் சட்டத்தின் விதி. வாடகை அந்தக் கணக்கில்தான் வர வேண்டும். ஒப்பந்தத்திலேயே உரிமையாளரின் வெளிநாட்டு முகவரி, பான் எண், என்ஆர்ஓ கணக்கு எண், ‘195-இன் கீழ் வரி பிடித்தம் செய்து மீதி வாடகை தரப்படும்’ என்ற வரி ஆகிய நான்கும் இருக்கட்டும். கடைசி வரியை மாற்றி, ‘வாடகை 40,000 ரூபாய் கையில் வர வேண்டும், வரி குடியிருப்பவர் பொறுப்பு’ என்று எழுதிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். அது வினையாக முடியும். 195ஏ பிரிவின்படி அப்போது 40,000-ஐ பிடித்தம் போக மிஞ்சிய தொகையாகக் கருதி, உண்மை வாடகை 58,140 ரூபாய் என்று கணக்கிடுவார்கள். வரி மட்டும் மாதம் 18,140 ரூபாய்.

இனி குடியிருப்பவரின் வேலை. வரி பிடிப்பவருக்கு உரிய டான் எண் அவருக்கு வேண்டும். பான் எண்ணை வைத்து இந்த வரியைக் கட்ட முடியாது. 49பி படிவத்தில் இணையவழி விண்ணப்பித்தால் சில நாட்களில் வந்துவிடும். கட்டணம் நூறு ரூபாய்க்குள்தான். அந்த எண்ணை வருமான வரி இணையதளத்திலும், வரிப் பிடித்தத்துக்கென உள்ள டிரேசஸ் தளத்திலும் தனித்தனியாகப் பதிவு செய்ய வேண்டும். மாதாமாதம் பிடித்த வரியை அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் 281 சலானில் கட்ட வேண்டும். மார்ச் மாதப் பிடித்தத்துக்கு மட்டும் ஏப்ரல் 30 வரை அவகாசம். சலானில் கம்பெனி அல்லாதவர் என்பதையும் 195 பிரிவையும் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை 27க்யூ அறிக்கை: ஜூலை 31, அக்டோபர் 31, ஜனவரி 31, மே 31. அறிக்கை போய்ச் சேர்ந்த பிறகு, காலக்கெடு முடிந்த 15 நாட்களுக்குள் டிரேசஸ் தளத்திலிருந்து 16ஏ சான்றிதழை இறக்கி வீட்டுக்காரரிடம் கொடுக்க வேண்டும்.

இந்த வரிசையில் எங்கெங்கே இடறுகிறது என்று பார்த்தால், பணம் கட்டுவதில் அதிகம் இல்லை, 27க்யூவில்தான். சலான் கட்டியாயிற்று, வேலை முடிந்தது என்று விட்டுவிடுகிறார்கள். சலான் பணம் டான் எண்ணின் பெயரில்தான் கிடக்கும். யாருக்காகக் கட்டியது என்பதைச் சொல்வது 27க்யூ. அது போகாதவரை வீட்டுக்காரர் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் அறிக்கையில் ஒரு ரூபாய்கூடத் தெரியாது. தாமதக் கட்டணம் நாளொன்றுக்கு 200 ரூபாய், பிடித்த வரியின் அளவு வரை. மேலே சொன்ன உதாரணத்தில் ஒரு காலாண்டின் வரி 37,440 ரூபாய்; 188 நாட்கள் தூங்கிவிட்டால் அபராதமே வரிக்குச் சமமாகிவிடும். இன்னொரு தவறு, உள்ளூர் வீட்டுக்காரருக்கு உரிய 26க்யூ அறிக்கையிலோ 26க்யூசியிலோ காட்டுவது. பணம் வீட்டுக்காரர் பெயரில் வந்துவிடும் என்பதால் யாருக்கும் உறைக்காது. ஆனால் 31.2 பிடிக்க வேண்டிய இடத்தில் 2 சதவீதம் பிடித்த குறைப் பிடித்தம் குடியிருப்பவர் பெயரில் நிலுவையாக நிற்கும்.

பிடிக்கவே இல்லை என்றால்? குடியிருப்பவரைத்தான் வரி கட்டத் தவறியவராக 201-ஆவது பிரிவு கருதுகிறது. பிடிக்காமல் விட்ட தொகையும் மாதம் 1 சதவீத வட்டியும் அவரிடம் கேட்பார்கள். பிடித்துவிட்டுக் கட்டாமல் வைத்திருந்தால் வட்டி 1.5 சதவீதம். இதில் ஒரு வெளியேறும் வழி உண்டு, பலருக்குத் தெரியாது. வீட்டுக்காரர் அந்த வாடகையைத் தன் கணக்கில் காட்டி, உரிய வரியையும் கட்டியிருந்தால், ஆடிட்டரின் சான்றுடன் 26ஏ படிவம் தாக்கல் செய்து குடியிருப்பவர் மூல வரிப் பொறுப்பிலிருந்து விடுபடலாம். 2019 செப்டம்பர் முதல் இந்த வசதி வெளிநாட்டுவாசிகளுக்குக் கொடுத்த தொகைகளுக்கும் பொருந்தும். வட்டி மட்டும், வீட்டுக்காரர் கணக்குத் தாக்கல் செய்த நாள் வரை, கட்டியே ஆக வேண்டும். ஆகவே பழைய ஆண்டுகளில் பிடிக்காமல் விட்டவர்கள் முதலில் வீட்டுக்காரரைக் கணக்குத் தாக்கல் செய்ய வைக்க வேண்டும்.

மறுபக்கமும் உண்டு. குடியிருப்பவர் வாடகையில் பிடித்துவிட்டு அரசுக்குக் கட்டவில்லை என்றால், அந்த அளவுக்கு வரியை வீட்டுக்காரரிடம் நேரடியாகக் கேட்கக் கூடாது என்கிறது 205-ஆவது பிரிவு. ஆனால் 26ஏஎஸ்-இல் இல்லாத பிடித்தத்தைக் கணினி ஏற்காது, நோட்டீஸ் வரும். அப்போது கையில் இருக்க வேண்டியவை: ஒப்பந்தம், மாதாமாதம் குறைத்து வந்த வாடகையைக் காட்டும் வங்கி அறிக்கை, பிடித்தத் தொகையைக் குறிப்பிட்ட மின்னஞ்சல். வாடகை ரசீதில் மொத்தம், பிடித்தம், பெற்றது என்று மூன்றையும் எழுதிக் கொடுக்கும் பழக்கம் இங்கேதான் உதவுகிறது.

இவ்வளவு பணத்தை முன்கூட்டியே இழக்காமல் இருக்க வீட்டுக்காரருக்கு உள்ள முறையான வழி 197-ஆவது பிரிவின் கீழ் குறைந்த பிடித்தச் சான்றிதழ் வாங்குவது. வீட்டுக்காரர் டிரேசஸ் தளத்தில் 13-ஆம் எண் படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும். நடப்பு ஆண்டின் உத்தேச வருமானக் கணக்கு, முந்தைய நான்கு ஆண்டுகளின் வரிக் கணக்கு விவரங்கள், வாடகை ஒப்பந்தம், கடன் இருந்தால் வங்கியின் வட்டிச் சான்று, குடியிருப்பவரின் டான் எண் ஆகியவை தேவை. எனவே டான் எண் வாங்குவது முதல் வேலை; அது இல்லாமல் விண்ணப்பம் நகராது. மேலே சொன்ன 40,000 ரூபாய் உதாரணத்தில், அதிகாரி திருப்தி அடைந்தால், பிடித்தமே வேண்டாம் என்றோ மிகக் குறைந்த சதவீதத்திலோ சான்றிதழ் தரலாம்.

இந்த விண்ணப்பம் முடங்கிப்போவதற்கு முக்கியக் காரணம் ஒன்று உண்டு. பான் எண் எந்த அதிகாரியின் வரம்பில் இருக்கிறது என்பதை யாரும் பார்ப்பதில்லை. இந்தியாவில் வேலை பார்த்த காலத்தில் வாங்கிய பான், உள்ளூர் வார்டிலேயே தங்கியிருக்கும். வெளிநாட்டுவாசிகளின் விண்ணப்பத்தைக் கவனிப்பது சர்வதேச வரிப் பிரிவு. பழைய வார்டு அதிகாரிக்கு எழுதி பான் எண்ணை அங்கே மாற்றிக்கொள்வது, சான்றிதழ் கேட்பதற்கு முன்பே முடிக்க வேண்டிய வேலை. சான்றிதழ் அந்த நிதியாண்டுக்கு மட்டும், அந்த டான் எண்ணுக்கு மட்டும் செல்லும். பின்தேதியிட்டுக் கிடைக்காது. இடையில் குடியிருப்பவர் மாறினால் புதிய விண்ணப்பம்தான்.

கணக்கிடுவதில் சில நுணுக்கங்கள். சொத்து வரியை அந்த ஆண்டில் உண்மையிலேயே கட்டியிருக்க வேண்டும், அதுவும் உரிமையாளரே கட்டியிருக்க வேண்டும். நிலுவையில் இருப்பதைக் கழிக்க முடியாது. மூன்று ஆண்டு பாக்கியை மொத்தமாக இந்த ஆண்டு கட்டியிருந்தால் முழுவதையும் இந்த ஆண்டே கழித்துக்கொள்ளலாம். அடுக்குமாடிக் குடியிருப்பின் பராமரிப்புக் கட்டணம், வெள்ளையடித்த செலவு, தரகர் கமிஷன், காப்பீடு, வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்த சம்பளம் எதையும் தனியாகக் கழிக்க இடமில்லை. அந்த 30 சதவீதத்துக்குள் எல்லாம் அடக்கம். ஒரு ரூபாய் செலவழிக்காதவருக்கும் அதே 30, லட்சம் செலவழித்தவருக்கும் அதே 30. திருப்பித் தர வேண்டிய அட்வான்ஸ் தொகை வருமானம் ஆகாது, அதில் பிடித்தமும் இல்லை.

வீட்டுக் கடன் வட்டியை வாடகை வீட்டுக்கு உச்சவரம்பின்றிக் கழிக்கலாம். ஆனால் வட்டி அதிகமாகி நஷ்டம் வந்தால் இரண்டு முறைகளும் பிரிகின்றன. பழைய முறையில் ஆண்டுக்கு 2 லட்சம் வரை மற்ற வருமானத்தில் ஈடுகட்டலாம், மிச்சத்தை எட்டு ஆண்டுகள் எடுத்துச் செல்லலாம். புதிய முறையில் மற்ற தலைப்பு வருமானத்தில் ஈடுகட்ட வழியே இல்லை. வங்கி வைப்புத்தொகை வட்டியும், பெரிய கடனுள்ள வீடும் வைத்திருப்பவர்கள் இரண்டு வகையிலும் கணக்குப் போட்டுப் பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும். வீடு கட்டி முடிவதற்கு முன் கட்டிய வட்டியை, முடிந்த ஆண்டிலிருந்து ஐந்து சம தவணைகளாகக் கழிக்கலாம். இதை மறந்துவிடுகிறவர்கள் அதிகம்.

கணவன், மனைவி இருவர் பெயரிலும் பத்திரம் இருந்தால் பங்கின்படி இருவரும் தனித்தனியே காட்ட வேண்டும். 27க்யூவிலும் இரண்டு பான் எண்கள், இரண்டு தொகைகள். ஒருவர் பெயரிலேயே முழுப் பிடித்தத்தையும் போட்டுவிட்டால் மற்றவருக்கு வரவு கிடைக்காது, திருத்த அறிக்கை போட வேண்டியிருக்கும்.

வாடகைக்கு விடாமல் பூட்டி வைத்திருக்கும் வீடுகள் பற்றியும் ஒரு வார்த்தை. இரண்டு வீடுகள் வரை ஆண்டு மதிப்பு பூஜ்யம் என்று காட்டலாம். அங்கே குடியிருக்க முடியாததற்கு என்ன காரணம் என்று 2025 நிதிச் சட்டத்துக்குப் பிறகு யாரும் கேட்பதில்லை. மூன்றாவது வீட்டுக்கு, வாடகையே வராவிட்டாலும், வந்திருக்கக்கூடிய வாடகையைக் கற்பித்துக்கொண்டு வரி உண்டு.

பத்திரிகைகளில் படித்த ‘12 லட்சம் வரை வரி இல்லை’ என்ற செய்தி வெளிநாட்டுவாசிகளுக்கு இல்லை. அது 87ஏ பிரிவின் தள்ளுபடியால் வருவது. அந்தத் தள்ளுபடி இந்தியவாசிகளுக்கு மட்டும். வரிக்குரிய வருமானம் 6 லட்சமாக இருக்கும் வெளிநாட்டுவாசி, 4 லட்சத்துக்கு மேல் உள்ள 2 லட்சத்துக்கு 5 சதவீதம், செஸ் சேர்த்து 10,400 ரூபாய் கட்ட வேண்டும். பழைய முறையில் 60 வயதைத் தாண்டியவர்களுக்குக் கிடைக்கும் 3 லட்சம் விலக்கும் அப்படியே. வெளிநாட்டுவாசிக்கு எந்த வயதிலும் 2.5 லட்சம்தான். பிடித்தம் போகக் கட்ட வேண்டிய வரி 10,000 ரூபாயைத் தாண்டும் என்று தெரிந்தால் ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் மாதங்களின் 15-ஆம் தேதிக்குள் முன்வரி கட்ட வேண்டும். குடியிருப்பவர் பிடிக்கவில்லையே என்ற சாக்கு இங்கே செல்லாது.

தாக்கல் செய்ய வேண்டிய படிவம் ஐடிஆர்-2. எளிதாக இருக்கிறது என்று ஐடிஆர்-1 போட்டால் குறைபாடுள்ள கணக்கு என்று திரும்பும், ஏனென்றால் அது வெளிநாட்டுவாசிகளுக்கானது அல்ல. வசிப்பிட நிலையில் வெளிநாட்டுவாசி என்று குறித்து, எந்த நாட்டில் வசிக்கிறார், அந்நாட்டு வரி அடையாள எண் எது, இந்தியாவில் எத்தனை நாள் இருந்தார் என்பதை நிரப்ப வேண்டும். வாடகைப் பகுதியில் வீட்டின் முகவரி, பங்கு விகிதம், குடியிருப்பவரின் பெயர், பிடித்தம் இருந்தால் அவருடைய பான் அல்லது டான். பிடித்தப் பகுதியில் அதே வாடகையை வீட்டு வருமானம் என்ற தலைப்புடன் இணைக்க வேண்டும். 26ஏஎஸ், ஏஐஎஸ் (ஆண்டுத் தகவல் அறிக்கை) இரண்டையும் இறக்கி, அவற்றில் உள்ள மொத்த வாடகையும் நம் கணக்கில் உள்ள மொத்த வாடகையும் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும். இங்கே பலர், கைக்கு வந்த 27,520 ரூபாயைப் பன்னிரண்டால் பெருக்கி வாடகையாகக் காட்டிவிடுகிறார்கள். பிடித்தம் போக மிச்சத்தைக் காட்டிவிட்டு, பிடித்தத்துக்கும் வரவு கேட்டால் கணக்கு எப்படி ஒத்துப்போகும்?

ரீஃபண்ட் தடைபடுவதற்குப் பெரிய காரணம் செயலிழந்த பான். ஆதாருடன் இணைக்காத பான் எண்கள் 2023 ஜூலை 1 முதல் செயலிழந்தன. வெளிநாட்டுவாசிகளுக்கு இணைப்புக் கட்டாயம் இல்லை. ஆனால் அவர் வெளிநாட்டுவாசி என்பது துறையின் பதிவேட்டில் இருந்தால்தான் அது தெரியும். பழைய பான் இந்தியவாசி என்றே பதிவாகியிருக்கும். பாஸ்போர்ட் நகல் முதலிய ஆதாரங்களுடன் தன் அதிகாரிக்கு எழுதி நிலையை மாற்றிக்கொள்ள வேண்டும். அதுவரை ரீஃபண்ட் வராது. அந்தக் காலத்துக்கு வட்டியும் இல்லை. மற்றபடி ரீஃபண்டுக்கு மாதம் அரை சதவீத வட்டி உண்டு, அந்த வட்டியும் அடுத்த ஆண்டு வருமானத்தில் சேரும்.

தாக்கல் செய்த 30 நாட்களுக்குள் சரிபார்க்க வேண்டும். ஆதார் ஓடிபி இந்தியக் கைப்பேசி எண்ணுக்குத்தான் வரும். எண்ணை விட்டுவிட்டவர்கள் நெட்பேங்கிங் வழியாகவோ, முன்பே சரிபார்த்த வங்கிக் கணக்கு வழியாகவோ செய்யலாம். அதுவும் முடியாவிட்டால் ஐடிஆர்-வி தாளில் கையெழுத்திட்டு பெங்களூரு மையத்துக்கு அஞ்சலில் அனுப்ப வேண்டும். வெளிநாட்டுத் தபால் போய்ச்சேர ஆகும் நாட்களையும் சேர்த்து எண்ணிக்கொள்வது நல்லது.

‘வரிதான் பிடித்துவிட்டார்களே, கணக்கு எதற்கு?’ என்ற கேள்விக்கும் பதில் சொல்லிவிட வேண்டும். வட்டி, ஈவுத்தொகை போன்ற சில வருமானம் மட்டும் உள்ள வெளிநாட்டுவாசிக்கு அப்படி ஒரு விலக்கு உண்டு. வாடகைக்கு இல்லை. ஜூலை 31-ஐத் தவறவிட்டால் டிசம்பர் 31 வரை 5,000 ரூபாய் கட்டணத்துடன் தாக்கல் செய்யலாம். வருமானம் 5 லட்சத்துக்குள் இருந்தால் 1,000. அதையும் விட்டவர்கள் நான்கு ஆண்டுகள் வரை புதுப்பித்த கணக்கு (ஐடிஆர்-யு) போடலாம் என்று கேள்விப்பட்டிருப்பார்கள். அந்த வழி கூடுதல் வரி கட்டுபவர்களுக்குத்தான். ரீஃபண்ட் கேட்க அது உதவாது. பிடித்தம் முழுவதும் அங்கே சிக்கிக்கொண்டால் தாமதத்தை மன்னிக்கும்படி மனுப் போட வேண்டும்; அது முடிகிற வேலையா என்பது அதிகாரியின் கையில்.

வசிக்கும் நாட்டின் வரியைப் பற்றிச் சுருக்கமாக. அசையாச் சொத்தின் வருமானத்துக்குச் சொத்து இருக்கும் நாடு வரி போடலாம் என்பதே இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தங்களின் ஆறாவது விதி. துபாயில் வருமான வரி இல்லை என்பதால் இந்தியாவிலும் இல்லை என்றாகிவிடாது. அமெரிக்காவில் வரி கட்டுபவர்கள் இந்த வாடகையை அங்கேயும் காட்டி, இங்கே கட்டிய வரிக்கு வரவு கேட்க வேண்டும். அங்கே நம் 30 சதவீதக் கழிவு கிடையாது, உண்மைச் செலவும் தேய்மானமும்தான். ஆண்டும் ஜனவரி முதல் டிசம்பர் வரை. வரவு கேட்க வேண்டியது இந்தியக் கணக்கில் இறுதியாக நிற்கும் வரிக்கு மட்டும். 1,49,760 ரூபாய் பிடித்தம் முழுவதற்கும் அங்கே வரவு வாங்கிவிட்டு, இங்கே ரீஃபண்டும் வாங்கினால் அது இரட்டை ஆதாயம். அங்குள்ள துறை கேட்கும்.

என்ஆர்ஓ கணக்கில் சேர்ந்த வாடகையை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். வங்கி 15சிஏ படிவம் கேட்கும். ஆண்டில் 5 லட்சத்தைத் தாண்டும்போது பொதுவாக ஆடிட்டரின் 15சிபி சான்றும் தேவைப்படும். வாடகை நடப்பு வருமானம் என்பதால், ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் என்ற உச்சவரம்பு அதற்குப் பொருந்தாது. வரி கட்டியதற்கான ஆதாரம் மட்டும் முக்கியம்.

2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம், 2025 நடைமுறைக்கு வந்துவிட்டது. இப்போது தாக்கல் செய்வது 2025-26-க்கான கணக்கு என்பதால் பழைய பிரிவு எண்களையும் படிவ எண்களையுமே இங்கே பயன்படுத்தினேன். புதிய சட்டத்தில் சம்பளம் தவிர்த்த பிடித்த விதிகள் எல்லாம் 393-ஆவது பிரிவிலும், குறைந்த பிடித்தச் சான்றிதழ் 395-இலும் இருக்கின்றன. ஏப்ரல் மாத வாடகை முதல் சலானிலும் அறிக்கையிலும் புதிய எண்களையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

எண்கள்தான் மாறின. இப்போது கோரிக்கை. வெளிநாட்டு வீட்டுக்காரர் வரி கட்டாமல் மறைந்துவிடுவார் என்ற அச்சத்தில்தான் இந்த 31.2 சதவீதம். ஆனால் வீட்டை யாரும் பெட்டியில் வைத்து விமானத்தில் கொண்டுபோய்விட முடியாது. வரி பாக்கிக்கு அதைவிடப் பெரிய பிணை என்ன இருக்கிறது? முதலாவது, குடியிருப்பவர் பான் எண்ணை வைத்தே கட்டும்படி 26க்யூசி போன்ற ஒற்றைப் படிவத்தை வெளிநாட்டு வீட்டுக்காரர்களுக்கும் நீட்டிக்க வேண்டும். டான், காலாண்டு அறிக்கை, டிரேசஸ் எல்லாம் நிறுவனங்களுக்குச் சரி. மாதச் சம்பளம் வாங்கும் ஒரு குடும்பத்துக்கு அல்ல. இரண்டாவது, 30 சதவீதக் கழிவு நிபந்தனையின்றி எல்லோருக்கும் கிடைக்கும் ஒன்று. அதைப் பிடித்தத்தின்போதே கணக்கில் எடுத்தால் விகிதம் 31.2-இலிருந்து 21.84 ஆகக் குறையும்; அரசுக்கு உரிய வரியில் ஒரு ரூபாய்கூடக் குறையாது. மூன்றாவது, மாதம் 50,000 ரூபாய் என்ற வரம்பை இவர்களுக்கும் கொடுக்கலாம். அதற்குக் கீழே வாடகை வாங்குபவரிடம், வேறு வருமானம் இல்லையென்றால், வரி என்று வசூலிக்க அனேகமாக எதுவும் இருக்காது. மேலே போட்ட முதல் கணக்கே அதற்குச் சாட்சி.

இப்படிக்கு,
வரிக் கணக்குப் பணியில் உள்ள ஒரு வாசகர்